இன்னும் ஒரு விளக்கு

இன்று மாலை மழையில் ஏதோ ஒரு வண்டி நம் சந்துக்குள் ரிவர்ஸில் வந்தது. அதன் வெள்ளை வெளிச்சம் என் சன்னல் கம்பிகளைச் சுவரில் நீட்டி வரைந்துவிட்டுப் போனது. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவிட்டேன். நீ போன பிறகு வரும் முதல் மழைக்காலம் இது.

உன் பிக்கப் வண்டிக்கு இந்தச் சந்து போதாது. உள்ளே வந்தால் திருப்ப இடமில்லை; முடிவில் தோடு, படகு போகாத சிறு கால்வாய். மாவு டிரம்களை ஏற்ற நீ தினமும் ரிவர்ஸில்தான் உன் வாசலுக்கு வருவாய். கணவர் இறந்தபின் அவர் வண்டியை விற்காமல், ஓட்டக் கற்றுக்கொண்டு, கொச்சியில் மட்டாஞ்சேரியிலிருந்து இடக்கொச்சி வரை கடைகளுக்கு இட்லி மாவு கொடுத்தாய். என்னோடு கல்லூரியில் படித்தவள்தான், ஆனாலும் என்னை "டீச்சரே" என்று கேலியாகவே கூப்பிடுவாய்.

ஒரு மழையில் சுவரில் உரசினாய். பிறகு மறுபடியும். "ரிவர்ஸ் லைட் மெழுகுதிரி மாதிரி எரியுது. பின்ன எப்படி?" என்றாய். எல்இடி பல்பு மாற்றினாய். அது போதாமல், ரிவர்ஸ் கியர் போட்டால் எரியும்படி பம்பருக்குக் கீழே இரண்டு விளக்குகள் வைத்தாய். எதிர்வீட்டுச் சேட்டன் சன்னலைத் திறந்து, "விடிஞ்சுதுன்னு எங்க கோழி கூவுது" என்றார். எல்லோரையும்விட நீதான் அதிகம் சிரித்தாய்.

எனக்கு எதையும் சட்டென்று நம்பும் பழக்கமில்லை. அன்று அந்தி நேரத்தில் குடையோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். சுவர்ப்பாசியின் பச்சை தெரிந்தது. மழைத்துளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. நீ உள்ளிருந்து சொன்னாய்: "போறாது டீச்சரே. இன்னும் ஒண்ணு வைக்கணும். ஒண்ணும் காணல."

"முதல்ல ஹேண்ட் பிரேக் போடு" என்றேன். போட்டாய். சுவரோரம் நகர்ந்து நின்றேன். வெளிச்சம் என் மேல் முழுதாக விழுந்தது.

"இப்ப எங்க நிக்கறேன், சொல்லு."

நீ சன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாய். பிறகு நீ, "போயிட்டியா?" என்றாய்.

குடையை மடக்கி உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "பல்பு மேல தப்பில்ல, இல்லையா?" என்று நீயே கேட்டாய். "என் மோளுக்குத் தெரிஞ்சா சாவியப் பிடுங்கிடுவா. பின்ன நான் ஆரு? மாவரைக்கிற கிழவி."

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. என்னையும் சேர்த்தா சொல்றே?"

"நீ படிச்ச கிழவி" என்றாய்.

கண் ஆஸ்பத்திரிக்கு உன்னோடு வந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் மருத்துவர். போன பார்வை திரும்பாது. சொட்டுமருந்து விட்டால் இருப்பதைக் காக்கலாம். வண்டி பற்றி அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வெளியே படியில் நின்று என்னைப் பார்த்தாய். உன் பிழைப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று தயங்கினேன். ஒன்றை மட்டும் சொன்னேன்: "சாயங்காலம் சந்துல பிள்ளைங்க விளையாடுது."

பல நாள் நீ என்னோடு பேசவில்லை. வண்டியையும் எடுக்கவில்லை.

மகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினாய். சாயா டம்ளருக்குப் பக்கத்தில் சாவியை வைத்து அவளிடம், "நீ ஓட்டு, இல்லேன்னா ஆள் வை. மாவு மட்டும் என் கையிலதான்" என்றாய். கண்ணைப் பற்றியும் சொன்னாய். அவள் அழத் தொடங்கியதும், "ஆரும் பிடுங்கல. நானாத் தந்தேன். டீச்சர் சாட்சி" என்றாய். உன் விரல் சாவியை விட்டு விலகச் சற்று நேரமானது. அதையும் பார்த்தேன்.

நெஞ்சுவலியில் நீ போனபோது துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "பாவம், கடைசியில வண்டியையும் பிடுங்கிட்டாங்களாமே" என்றாள். இப்படிப்பட்ட பேச்சில் நான் கலந்துகொள்வதில்லை. அன்று எழுந்து நின்றேன்.

"பிடுங்கல. அவளாத் தந்தா. நான் பக்கத்துல இருந்தேன்."

இன்று யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நான் இருக்கிறேன்.