கண் போன வழி

அண்ணா,

போன வாரம் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். நர்ஸ் பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையில் தேய்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வலிக்குதுங்களாம்மா?" என்றாள். அவள் இன்னும் ஊசியைக் கையிலேயே எடுக்கவில்லை. அந்த வாடை எனக்கு மருந்து வாடை இல்லை. உங்கள் சட்டை வாடை. வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. அதனால்தான் நீங்கள் படிக்க முடியாத இந்த மடலை எழுதுகிறேன். உயிரோடு இருந்திருந்தாலும் நான்தான் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

உங்களைத் தெரியாதவர்களிடம் பேசும்போது, "எங்கண்ணன் கட்டிங் மாஸ்டருங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒன்றொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அடுக்கி வைத்த துணிமேல் சாக்கட்டியால் கோடு போட்டுக் கத்திரியை வைத்தீர்களென்றால், ஒரே மூச்சில் கழுத்து வளைவு விழும். அப்பா அம்மா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தீர்கள். நீங்கள் செய்துகொள்ளவில்லை.

ஏன் குடித்தார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு துக்கத்தைச் சொன்னால் அவர்களுக்கு மனசு ஆறும். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றும் இல்லை. வேலை விட்டதும் கூட்டாளிகளோடு போனீர்கள். அவர்களெல்லாம் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். உங்களால் முடியவில்லை.

மதுவிலக்கு இருந்த வருடங்கள். சாராயம் கிடைக்காதபோது, மரத்துக்கு வார்னிஷ் கலக்கும் ஸ்பிரிட்டைத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார்களாம். ஒரு ராத்திரி அதைக் குடித்துவிட்டு நல்லூரில் எங்கள் வீட்டில் வந்து படுத்தீர்கள். மறுநாள் காலை நான் வாசல் தெளித்து, சமைத்து, உங்கள் மாப்பிள்ளையை மங்கலத்துக்குத் தறி ஓட்ட அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். ஜன்னல் வெயில் உங்கள் முகத்தில் விழுந்து கிடந்தது.

"அம்மிணி, ஏன் இன்னும் வெடியல?" என்று கேட்டீர்கள்.

விளையாடுகிறீர்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நீங்கள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "இனித் திரும்பாதும்மா," என்றார்.

அதற்குப் பிறகு எங்களோடுதான் இருந்தீர்கள். நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டையைக் கொண்டுவந்து போடுவேன். தடவித் தடவி நூல் பிரிப்பீர்கள். கை நடுங்கத் தொடங்கியதும் அதுவும் நின்றது. பிறகு அரசாங்கமே சாராயக் கடைகளைத் திறந்தது. "இப்ப நான் சட்டப்படி குடிக்கறேன் அம்மிணி," என்று சிரித்தீர்கள். தெருப் பையன்கள் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். திரும்பி வரும்போது சாக்கடையில் கிடப்பீர்கள். உங்கள் மாப்பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போவார். எங்கள் குழந்தைகளின் பாலில் குறைத்துத்தான் உங்களுக்குச் சோறு போட்டேன். உங்களுக்கும் அது தெரியும்.

கடைகளை மறுபடி மூடிய பிறகு ஒருநாள், ஊனமுற்று ஆதரவில்லாமல் இருப்பவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் தருகிறதாம் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். உங்களைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். "காச்சல்ல கண்ணு போச்சுன்னு சொல்லுங்கண்ணா. வேற ஒண்ணும் பேசாதீங்க," என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்தேன். தலையாட்டினீர்கள்.

அந்த ஆபீசர் கெட்டவர் இல்லை. உங்களை உட்காரச் சொன்னார்.

"கண்ணு எப்படிங்க போச்சு?"

"ஸ்பிரிட்டுக் குடிச்சனுங்க," என்றீர்கள்.

"இப்பவும் குடிக்கறீங்களா?"

"கெடைச்சா குடிக்கறனுங்க."

எனக்கு அந்த இடத்திலேயே உங்களை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, வெளிய ஒரு பொம்பள நிக்குது பாருங்க. மெஷின்ல கை போயிருச்சு. அதுக்குக் குடுக்கறதுக்கே நான் மேல எழுதி எழுதிக் காத்திருக்கறேன். நீங்களாக் கெடுத்துக்கிட்ட கண்ணுக்கு எழுதினா, அந்தப் பொம்பளைக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க? குடுத்த காசும் சாராயத்துக்குத்தானே போகும்?"

"கண்ணு தெரியலைன்னுதானுங்களே குடுக்கறீங்க?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அது போன வழியப் பாத்துத்தானா குடுப்பீங்க? கடையத் தொறந்ததும் கவர்மெண்ட்டு, மூடுனதும் கவர்மெண்ட்டு. நடுவுல இவரு மட்டும் தானாக் கெட்டுப்போனாருங்களா?"

அவர் கோபப்படவில்லை. "குடிய விட்டுட்டு வரச் சொல்லுங்கம்மா. நானே எழுதறேன்," என்றார். வெளியே வரும்போது அந்தப் பெண் ஒற்றைக் கையால் உங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமலே உங்களை வெளியே நடத்திவந்தேன்.

நீங்கள் விட்டீர்கள், அண்ணா. அதை நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. முதல் நாள் உடம்பு வேர்த்தது. அடுத்த நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னீர்கள், பார்வையே இல்லாத கண்ணை வைத்துக்கொண்டு. அதற்கடுத்த நாள் வலிப்பு வந்தது. கட்டிலோடு தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "திடீர்னு நிறுத்தினா உயிரே போயிரும். இது பழக்கம் இல்லம்மா, வியாதி," என்றார் அங்கிருந்த டாக்டர்.

வியாதி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தேறியதும் மறுபடி ஆபீசருக்கு முன்னால் போய் நின்றேன்.

"வியாதின்னா ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போகணும். இந்தப் பணம் ஊனத்துக்கு."

"கண்ணு ஊனந்தானுங்களே?"

"அந்த ஊனம் குடியில வந்ததுங்களே."

"குடி வியாதின்னு டாக்டர் சொல்றாருங்களே?"

சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்து நின்றோம். அவருக்கும் அலுத்துப்போனது, எனக்கும் அலுத்துப்போனது. "கூடப்பொறந்தவங்க நீங்க சோறு போடறீங்க. அப்புறம் ஆதரவில்லாதவருன்னு நான் எப்படிங்க எழுதறது?" என்று முடித்தார். உங்களைத் தெருவில் விட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

பஸ்ஸுக்கு நின்றோம். என் தோளில் உங்கள் கை இருந்தது. "அம்மிணி, அவரு சீட்டுல நீ இருந்திருந்தா எனக்குக் குடுத்திருப்பியா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு அந்தக் கை இல்லாத பெண் ஞாபகம் வந்தாள். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப்போன உங்கள் மாப்பிள்ளை ஞாபகம் வந்தார். குழந்தைகள் ஞாபகம் வந்தது. பஸ் வந்துவிட்டது. நான் பதில் சொல்லாமல் உங்களை ஏற்றிவிட்டேன்.

உட்கார்ந்ததும், "பாத்தியா?" என்றீர்கள். குத்திக்காட்டவில்லை. சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் எப்படிச் சொல்வீர்களோ அப்படித்தான் சொன்னீர்கள்.

அன்று சாயங்காலமே மறுபடி குடித்தீர்கள். அதற்குப் பிறகு நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. வலிப்பைப் பார்த்துவிட்டவளுக்குக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது வயிறு வீங்கியது. கார்த்திகைக்கு முன்பே போய்விட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளைதான் கொள்ளி வைத்தார். எரித்துவிட்டு வந்து, உங்கள் பாயைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போது எனக்கு நீங்கள் போன வயதைவிட அதிகம். கொடுத்திருந்தால் குடித்திருப்பீர்கள்; இல்லை என்று நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்லமாட்டேன். குடித்துக்கொண்டே, என் குழந்தைகளின் பாலில் கைவைக்கவில்லை என்ற நிம்மதியோடு இன்னும் கொஞ்சநாள் உயிரோடு இருந்திருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டில் எதையும் கீழே இறக்கிவைக்க முடியவில்லை. அந்த பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு வார்த்தை, "குடுத்திருப்பேண்ணா" என்று சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்தாலும் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நீங்கள் வந்து கேட்டாலும் என் வாயிலிருந்து எது வரும் என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா.