பார்வை: தனி

மார்ச் 4

படம் ஏற்றும் கருவிக்கான கையேடு பாதி முடிந்தது. இதைப் படிக்கப்போவது மனிதர்கள் இல்லை, ஏஐ ஏஜென்ட்கள். ஒருவர் தன் போனில் இருக்கும் உதவியாளரிடம் "இந்தப் போட்டோவை டாக்டருக்கு அனுப்பு" என்றால், அது நான் எழுதியதைப் படித்து, படத்தை எங்கள் கருவியில் ஏற்றி, கிடைக்கும் லிங்க்கை அனுப்பிவைக்கும். மனிதர்களுக்கு எழுதுவது சுலபம். "பார்த்துச் செய்யவும்" என்றால் போதும். இதுகளுக்கு எதைப் பார்த்து, எப்போது பார்த்து, பார்த்த பிறகு என்ன என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் கடைசியில் நாம் கொடுத்த மாதிரிக் கட்டளையைத்தான் அப்படியே காப்பியடிக்கும். பரீட்சையில் பக்கத்தில் இருப்பவன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு வருகிற ரகம்.

அதனால் எச்சரிக்கையைத் தனியாக எழுதாமல் மாதிரிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பார்வை: தனி. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படத்தைப் பார்க்க முடியாது.

சுருட்டை எட்டிப் பார்த்தாள். "பண்டிதரே, ஒரு சொல்லுக்கு ஒரு நாளா?" கருவியைக் கட்டியவள் அவள். நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காலையில் அவளோடு டீ குடித்த பிறகுதான் எனக்கு வேலையே ஓடும். அவசரத்துக்குச் சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் என்று கையேட்டின் பாஸ்வேர்டையும் அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். யார் மாற்றினாலும் என் பெயரில்தான் பதியும். அதனால் என்ன, சுருட்டைதானே.

மார்ச் 9

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் நீளமாகத் தையல். சுருட்டை ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அடித்த கூத்தில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்டி, தையல் பிரிஞ்சிடப் போகுது" என்று கெஞ்சினாள்.

மார்ச் 17

கையேடு வெளியானது. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு டீ. நாளை வெளியாட்களுக்குக் கருவியை இயக்கிக் காட்டும் டெமோ, அதைச் சுருட்டை பார்த்துக்கொள்வாள்.

மார்ச் 23

தையல் ஆறுகிறதா என்று பார்க்க டாக்டர் அவ்வப்போது போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறார். அக்கா மாட்டேன் என்கிறாள். "வயித்தை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பறதா? எவன் கண்ணுல படுமோ."

"உன் போன்ல இருக்கற உதவியாள்கிட்ட சொல்லு, அது எங்க கருவி வழியாத்தான் அனுப்பும். நான் எழுதினதுக்கா. கண்ணை மூடிட்டு அனுப்பு."

அனுப்பினாள்.

ஏப்ரல் 8

அக்கா போன் செய்தாள். அழுதாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் ஆசிரியர்கள் அறையில் அவளை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டியிருக்கிறார். இணையத்தில் அக்காவின் பெயரைத் தேடினால் முதலில் வருவது அவள் வயிறு. தையல், மருந்துக்கறை, விலக்கிய புடவை. எல்லாம்.

"பசங்க பாத்துட்டாங்கடி. எட்டாம் வகுப்புப் பசங்க. நீதானே கண்ணை மூடிட்டு அனுப்புன்னே?"

கையேட்டைத் திறந்தேன். மாதிரியில் இருந்தது: பார்வை: பொது. அதாவது அனுப்பியவர் பெயரோடு யாரும் பார்க்கலாம், இணையத் தேடலிலும் வரும்.

நான் எழுதியது அது இல்லை. நான் எழுதவே இல்லை.

பாஸ்வேர்டு இருக்கும் இன்னொரு ஆளிடம் போய் நின்றேன். சுருட்டை மழுப்பவில்லை. "டெமோ அன்னிக்கு மாத்தினேன்டி. தனின்னு இருந்தா பெரிய திரையில படமே வரல, லாகின் கேட்டுச்சு. வந்தவங்க முன்னாடி மானம் போயிடும்னு பொதுன்னு போட்டேன். திருப்பி மாத்த மறந்துட்டேன்." அவளும் அழுதாள். "நாளைக்கு மீட்டிங்ல நானே சொல்லிடறேன். சத்தியமா."

உடனே "தனி" என்று மாற்றினேன். அக்காவின் படங்களையும் எடுத்தாயிற்று. மறந்துபோவது யாருக்கும் நடக்கும். நாளைக்குச் சொல்லிவிடுவாள்.

ஏப்ரல் 9

சொல்லவில்லை.

மேலாளர், "அந்த மாதிரியை யார் எழுதினது?" என்று கேட்டார். நான் சுருட்டையைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "கையேடு முழுக்க அவங்கதான் சார் பாத்துக்கறாங்க" என்றாள்.

அவங்க! நேற்றுவரை "வாடி, போடி". என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவளுக்கு இன்று நான் "அவங்க".

"டெமோவுக்காக நீதானே மாத்தினே? நேத்து நீயே சொன்னியே?" என்றேன்.

"நானா?" என்றாள்.

அவ்வளவுதான். ஒரே சொல். அந்த முகத்தில் பொய் சொல்கிற அடையாளமே இல்லை. நானே ஒரு கணம் என்னைச் சந்தேகப்பட்டேன். மேலாளர் பதிவைத் திறந்து காட்டினார், என் பெயர். "தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா அடுத்தவங்க மேல தூக்கிப் போடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் வழிமறித்தாள். "எனக்கு அடுத்த மாசம் குழுத் தலைமை வருதுடி. உனக்கு ஒரு திட்டோட போயிடும். எனக்கு எல்லாமே போயிடும். புரிஞ்சுக்கோ."

புரிகிறது. நன்றாகவே புரிகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தாயே, ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாயே, அந்த வயிறுதானேடி அது! கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 13

அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவ நேத்தே வந்து அழுதுட்டுப் போனா. 'அவ மேல கோபப்படாதீங்கக்கா, தெரியாம பண்ணிட்டா'ன்னு உனக்காகக் கெஞ்சினா. நீ என்னடான்னா அவ மேலயே பழி போடற" என்றாள்.

எனக்காகக் கெஞ்சினாளாம்.

ஏப்ரல் 14

காலையில் நேராக மேஜைக்கு வந்தேன், வேலை தானாகவே ஓடுகிறது. டீ வேண்டாம்.

மே 6

சுருட்டை குழுத் தலைவி ஆகிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் பொறாமை என்பார்கள். கையேட்டு வேலை என்னிடமே இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஆனால் குழுத் தலைமைக்குத் தனிக் கணக்கு உண்டு, அதிலிருந்து கையேட்டை மாற்ற என் அனுமதி தேவையில்லை.

மே 19

அக்கா இன்று தானாகவே போன் செய்தாள், அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் வந்த பிறகு முதல் தடவையாக. தையலின் ஒரு ஓரத்தில் இன்னும் நீர் கசிகிறதாம், டாக்டர் மறுபடி போட்டோ கேட்டிருக்கிறாராம்.

"நான் வந்து அனுப்பித் தரட்டுமாக்கா?"

"வேண்டாம்மா. சுருட்டைகிட்டயே குடுத்துடறேன். அவதான் பத்திரமா அனுப்பிட்டு இருக்கா."

சரி என்றேன்.

ஜூன் 2

காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கையேட்டைத் திறந்து மாதிரியைப் பார்க்கிறேன். தனி. சாப்பாட்டுக்குப் போகும்முன் ஒருமுறை பார்க்கிறேன். தனி. சுருட்டை டீ கோப்பையோடு என் மேஜையைத் தாண்டிப் போகிறாள், "அக்காவுக்கு இப்ப பரவாயில்லையாம்" என்று எனக்கே செய்தி சொல்கிறாள். தலையாட்டுகிறேன். அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்ததும் இன்னொரு முறை திறந்து பார்க்கிறேன்.