ஒரு பெயருக்கு ஒரு ஆள்

வாசல் காவல் குறிப்பு. நிலா, தென்முனைப் பனிச்சுரங்கம், மூன்றாம் குடில்.

நாள் 1, காலை 7:10

இன்று குடிலில் இருப்பவர்கள்: ஹெப்சிபா மேடம், நிலையத் தலைவி. காஜா முகைதீன், மெக்கானிக். என் மகன் ஆ. வேலாண்டி, பனி வெட்டுகிறவன். என் பேரன் வே. ஆனையப்பன், அவனும் பனி வெட்டுகிறவன். நான் பேச்சித்தாய், சமையலும் வாசல் காவலும். ஐந்து பேர். ஆறாவது ஆள் கிடையாது. பின்னால் யாராவது வேறு கதை சொல்லக்கூடும் என்பதால் இப்போதே எழுதிவைக்கிறேன். தாளில் எழுதுகிறேன். திரையில் எழுதியதைத் திரையே மாற்றும்.

நேற்று பூமியிலிருந்து கணினிக்குப் புதுப் பதிப்பு ஏறியது. நாற்பது நிமிடம் என்றார்கள். ஐந்து மணி இருபது நிமிடம் ஆனது. இப்போது அதற்கு என் அடுப்பைத் தெரியாது. காஜா உதிரிபாகம் வார்க்கும் அச்சுப்பெட்டியைத் தெரியாது. எழுத்து எறும்பு அளவு. "ரெண்டு நாள்ல பழகிரும்மா" என்றான் காஜா. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, போன பதிப்புக்கும் இதையேதான் சொன்னான்.

நாள் 1, பகல் 12:50

புதுக் கணினிக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் வேண்டுமாம். நம்மில் யாருக்கு இரண்டு பெயர்? மேடம் இனிஷியலை விரித்து அப்பன் பெயரைப் பின்னால் போட்டுக் கொடுத்தார். மகன், வேலாண்டி ஆனையப்பன். பேரன், ஆனையப்பன் வேலாண்டி. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். இதற்காக மருமகளோடு பதினாறு நாள் சண்டை போட்டேன். விடவில்லை.

அதற்குப் பிறகு தொடங்கியது. 'இரட்டைப் பதிவு. ஒன்றாக்கலாமா?' அடுப்படித் திரையில், படுக்கைத் திரையில், கழிவறைத் திரையில்கூட. மூடினால் மறுபடி வரும். சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று நின்றுவிட்டது. யாரோ 'ஆம்' அழுத்தியிருக்கிறார்கள். பேரன் வெளியே வேலையில் இருக்கிறான். மற்ற மூன்று பேரிடமும் கேட்டேன். மூன்று பேரும் சோற்றைப் பார்த்தார்கள்.

நாள் 1, பகல் 2:05

பேரன் வாசலுக்கு வந்துவிட்டான். கதவு திறக்கவில்லை. ரேடியோவில் சொன்னது:

"ஆச்சி, 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்'னு போட்டிருக்கு. உள்ள நான் என்ன செய்யறேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்க. விளையாடாதல. கையைச் சரியா வை."

கதவுத் திரையில் கையை எட்டு தடவை வைத்தான். எட்டு தடவையும் அதே பதில்.

நாள் 1, பகல் 3:15

காஜா கண்டுபிடித்தான். பெயரை முன்பின்னாக மாற்றி எழுதிய ஒரே ஆள் என்று நினைத்து, கணினி அப்பனையும் மகனையும் ஒன்றாக்கிவிட்டது. அப்பன் உள்ளே இருக்கிறான், ஆகவே மகனும் உள்ளே.

வாசல் அறை ஒரு ஆள் நிற்கும் அகலம். இரண்டாவது ஆளின் எடை பட்டால் மூடாது. கையால் சுழற்றித் திறக்கும் பிடியைப் புதுப் பதிப்பு பூட்டிவிட்டது. சரக்குக் கதவு கப்பல் வந்து ஒட்டினால்தான் திறக்கும். கப்பலுக்குப் பத்தொன்பது நாள். பேரனின் உடுப்பில் இன்னும் ஒன்றரை மணிக் காற்று.

பூமியிலிருந்து: "உங்கள் புகார் பதிவாகிவிட்டது. பொறுமைக்கு நன்றி."

நாள் 1, பகல் 3:50

உடுப்பு மாட்டும் அறையிலிருந்து வேலாண்டி பேசினான்:

"எம்மா, கோட்டிக் கணக்குக்குக் கிறுக்குப் பதில்தான். நான் வெளிய போனா அந்த ஆள் வெளிய போயாச்சு. பொறவு ஒருத்தன உள்ள விட்டுத்தான ஆகணும்?"

4:00. மகன் வெளியே போனான். பேரன் உள்ளே வந்தான். கதவு பேரனுக்கு நல்வரவு சொன்னது.

நாள் 2, காலை 6:00

ஏழு மணிக் காற்று கொண்ட உடுப்பு. ஆறு மணிக்கொரு தடவை மாற்றம். ஒருவன் போக வேண்டும், ஒருவன் வர வேண்டும். கப்பல் வரும்வரை இப்படித்தான்.

இருவருடையதும் பழைய உடுப்பு. காற்று நிரப்பும் குழாய் உள்ளே சுவரில் இருக்கிறது. மேடத்துக்கும் காஜாவுக்கும் புது உடுப்பு, ஆனால் அது அவரவர் பெயருக்கு மட்டும்தான் உயிர் பெறும். புது உருளையை வெளியே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் அதன் வாய் பழைய உடுப்பில் பொருந்தாது. காஜா வாயைக் கடைந்துகொண்டிருக்கிறான்.

நாள் 5, காலை 11:30

காஜா கடைந்தது பிடிக்கவில்லை. காற்று ஒழுகுகிறது.

அப்பனும் மகனும் நாலு நாளாக ஒரே அறையில் நிற்கவில்லை. வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கையைத் தட்டிக்கொள்கிறார்கள். வெளியே இருப்பவன் பனி அள்ளும் வண்டியின் நிழலில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருக்கிறான்.

மேடம் கதவைச் சாத்திக்கொண்டு பூமியோடு பேசுகிறார். நான் டீ கொண்டுபோனால் பேச்சு நிற்கிறது. இன்று மூன்று தடவை நின்றது. முதல் நாள் அழுத்திய கை அவருடையதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சோற்றைப் பார்த்த மூன்று பேரில் அவர் மட்டும்தான் சாப்பிடாமல் பார்த்தார்.

கணினி காலையில் என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்தேன்.

நாள் 8, மாலை 5:20

பூமியிலிருந்து தீர்வு வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"ஒன்றாக்கிய பதிவைப் பிரிக்கலாம். பிரித்ததும் அந்நேரம் உள்ளே இருப்பவரின் பதிவு நிலைக்கும். வெளியே இருப்பவர் புதிய நபராகப் பதிவு செய்யப்படுவார். சரிபார்க்க எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும். நுழைவு அதன் பின்னர்."

மேடம் கேட்டார்: "ஏழு மணி நேரக் காற்றுதான் இருக்கு. எழுபத்திரண்டு எப்படிங்க?"

"புகார் தீர்க்கப்பட்டதாகக் குறிக்கலாமா மேடம்?"

மேடம் இணைப்பைத் துண்டித்தார். அந்த ஒன்றை அவர் கணக்கில் நல்லதாக வைக்கிறேன்.

ஆனால் கேள்வி திரைக்கு வந்துவிட்டது. 'பிரிக்கலாமா?' எல்லாத் திரையிலும். உள்ளே உள்ள ஒன்பது திரையையும் துணி போட்டு மூடினேன். மேடத்தின் திரைக்கு முன்னால் பாய் விரித்துக்கொண்டேன்.

நாள் 9, காலை 4:30

மாற்றம் முடிந்தது. மகன் வெளியே. பேரன் உள்ளே வந்தான், இடது கையை மறைத்துக்கொண்டு. பிடித்து இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வளையத்தில் விரிசல். விரல் நீலம் பாரித்திருக்கிறது. இரண்டு நாளாக ஒழுகுகிறதாம், சொல்லவில்லை. வேலாண்டி கண்ணாடி வழியாக அந்தக் கையைப் பார்த்துவிட்டான்.

காஜா ஒட்டுப் போட்டான். தாங்காது என்று சொல்லிக்கொண்டே போட்டான். "பத்து மணிக்கு நான் போவேன், அப்பா அங்க கெடக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பேரன் படுத்தான். அவன் போகாமல் வேலாண்டி உள்ளே வர முடியாது. போனால் இவன் திரும்ப மாட்டான்.

நாள் 9, காலை 8:40

கேள்வி நின்றுவிட்டது.

துணியை விலக்கினேன். 'பதிவு பிரிக்கப்பட்டது.' கரண்டியோடு மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையும் மேசைமேல் இருந்தன. காஜாவின் கையில் பேரனின் கையுறை. பேரன் தூங்குகிறான்.

உள்ளே உள்ள ஒன்பதை மூடினேன். வாசலுக்கு வெளியே ஒரு திரை இருக்கிறது.

"எம்மா, நாந்தான்."

"என்னல பண்ணித் தொலச்ச?"

"இனி அவன் வெளிய வந்தாலும் கதவு என்னைய விடாது. அவன் வரதுல பிரயோசனம் இல்ல, அதச் சொல்லி நிறுத்து. காலுல கட்டியாவது நிறுத்து."

"ஏய்யா, காஜா ஒட்டுப் போட்டிருக்கான். தாங்கும்ங்கான்."

"காஜாவுக்குப் பொய் சொல்ல வராதும்மா. ஒனக்கும்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியால?"

"கேட்டா விடுவியா?"

நாள் 9, காலை 9:55

பேரனை நான்தான் எழுப்பினேன். நானே சொன்னேன். கண்ணாடிக்கு ஓடினான். வேலாண்டி அங்கே இல்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான், இவன் பார்க்கக் கூடாது என்று. ரேடியோவில்:

"அப்பா, முன்னால வாங்க. ஒரே ஒரு தடவை வாங்க."

"கையில எண்ணெய் போட்டியால?"

"அப்பா."

"ஆச்சி சொல்றதக் கேளு. சொல்லாததையும் கேளு, அதுக்குத்தான் ரொம்பக் கோவிச்சுக்குவா."

மேடம் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "மொத நாள் 'ஆம்' அழுத்தினது நான்தாம்மா. ரசம் ஊத்தும்போது. தொல்லை தாங்கல" என்றார். எட்டு நாளாக இதற்காக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.

நாள் 9, காலை 11:05

ரேடியோவில் மூச்சுச் சத்தம் 10:52 வரை கேட்டது. அதற்குப் பிறகு நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

திரை சொல்கிறது: 'மொத்தம் நாலு பேர். எல்லோரும் உள்ளே இருக்கிறீர்கள். இனிய நாள்.'

இதை எடுத்து வாசிக்கிறவர்களுக்கு. கணினி அனுப்பியவர்களை மன்னிக்கிறேனா என்று கேட்காதீர்கள், அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. மேடத்தை விட்டுவிட்டேன். காஜாவை விட்டுவிட்டேன். பதினாறு நாள் சண்டை போட்ட மருமகளை இன்றைக்கு விட்டுவிட்டேன். வாசல் காவல் என் வேலை. யார் போக, யார் வர என்று சொல்ல வேண்டியவள் நான். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்காமல் தன் கையால் தானே கதவைச் சாத்திக்கொண்டவன் ஒருவன்தான். செத்தாலும் மன்னிக்க மாட்டேன். பெயர் ஒன்று போதும் அவனுக்கு.

வேலாண்டி.