மன்னாருக்குப் போன பச்சை ஜேர்சியள்

ஒக். 6, திங்கள்

தூறல். காலமை ஷிப்ட். பள்ளிக்கூடத்து ஹோல் கூட்டித் துடைச்சு எட்டு மணிக்கு வெளிய. முழங்கால் நோ.

வாங்க: பால், பாண், வெங்காயம், மெழுகுதிரி.

மத்தியானம் பிரையன் போன். கிளப் செக்கிரட்டரி. செத்தவீட்டுக்குப் பிறகு இண்டைக்குத்தான் எடுக்கிறார். சுகம் கேட்டார். மழையைப் பற்றிச் சொன்னார். பிறகும் மழையைப் பற்றி. கடைசியாத்தான் விசயம். சனிக்கிழமை கப் மட்ச். வாறது கடற்கரைப் பக்கத்து ரீம், எங்கட ரீமை விட ரெண்டு படி மேல. அவையின்ர ஜேர்சியும் மஞ்சள். எங்கட பெடியள் இவ்வளவு நாளும் தங்கட மஞ்சளைப் போட்டுச் சமாளிச்சவை, இனி ஏலாது, பச்சை வேணும். பச்சை முழுக்க ரொனியிட்ட எல்லோ எண்டார்.

கிளப்பில இவருக்கு, என்ர மனிசனுக்கு, ரொனி எண்டு பேர். பஸ் டிப்போ வேலை முடிஞ்சா மிச்ச நேரமெல்லாம் கிளப் உடுப்புத் தோய்க்கிறதுதான் இவருக்கு. சம்பளம் இல்லை. மட்ச் அண்டு ஒரு ரீ, ஒரு பேகர்.

"செத்தவீட்டில போய் உடுப்பைத் தா எண்டு எப்பிடிக் கேக்கிறது. அதுதான் பொறுத்தனாங்கள்" எண்டார். நல்ல மனிசன்.

ஓம், இஞ்சதான் கிடக்கு, தாறன் எண்டிட்டன்.

படிக்குக் கீழ அலுமாரியைத் திறந்தா பை இல்லை. வாக்குவம் கிடக்கு. குடை கிடக்கு. நீலப் பை இல்லை.

மேல, கட்டிலுக்குக் கீழ, எல்லாம் பார்த்தாச்சு. பின்பக்கம் பார்க்கேல்ல. அந்தக் கதவை நான் இன்னும் திறக்கேல்ல.

ஒக். 7, செவ்.

வெய்யில், ஆனா குளிர். சாப்பிட மனமில்லை. பாணும் சம்பலும்.

வெம்பிளிக்குப் போன் பண்ணினன், மச்சாளுக்கு. இவற்ற அக்கா. 31ஆம் நாள் பூசை முடிஞ்சு அடுத்த நாள் வந்து இவற்ற உடுப்பெல்லாம் கட்டினவா அவதான். செத்த ஆளின்ர உடுப்பை வீட்டில வைக்கிறேல்ல, இல்லாததுகளுக்குக் குடுக்கிறது வழக்கம். ஊருக்கு, மன்னாருக்கு, பெட்டியில போட்டுக் கப்பலில. நான் மேல படுத்துக் கிடந்தனான். கட்டட்டும் எண்டு விட்டனான்.

"மச்சாள், படிக்குக் கீழ ஒரு நீலப் பை."

"ஓம் ஓம், பந்தடி உடுப்பு. அதையும் போட்டனான். தம்பி வருசா வருசம் ஊர்ப் பெடியளுக்கு அனுப்புறவன் எல்லோ. நான்தான் மறக்காம எடுத்து வைச்சனான்."

பெருமையாச் சொல்லுறா.

"அது பழசில்லை மச்சாள். புதுசு. கிளப்பின்ர."

பிறகு, "புதுசெண்டு நானும் கண்டனான். தம்பிக்கு மனசு பெரிசு எண்டு நினைச்சன்."

அவவையும் பிழை சொல்லேலாது. கிளப் புது உடுப்பு எடுக்கிற வருசமெல்லாம் இவர் பழசைக் கேட்டு வாங்கித் தைச்சுத் தோய்ச்சு ஊருக்கு அனுப்புறவர். கோயில் திருநாள் மட்சுக்கு எங்கட ஊர்ப் பெடியள் இஞ்சத்தை எட்மண்டன் கிளப் ஜேர்சியோட இறங்குவாங்கள். போட்டோ வரும். இவர் அதைக் கிளப்பில எல்லாருக்கும் காட்டித் திரிவார்.

உடுப்புப் போனா வேற உடுப்பு. இவற்ற பேர்? இத்தனை வருசத்தில ஒரு சொக்ஸ் துலைஞ்சதெண்டு பேச்சில்லை. இப்ப ஆள் போன கையோட வீட்டுக்காரர் வித்துப்போட்டினம் எண்டு சொல்லுவினம். அது கூடாது. அது மட்டும் கூடாது.

இன்னொண்டு. மகளுக்கும் சொல்லேல்ல. ஆறாம் நம்பரும் அந்தப் பையுக்கதான். இவர் ஜேர்சியை நம்பர் ஒழுங்கிலதான் பின்பக்கக் கொடியில போடுறவர், கீழ்க்கரையில கிளிப் குத்தி, தலைகீழா. அண்டைக்கும் ஒண்டில இருந்து அஞ்சு மட்டும் கொழுவினவர். ஆறு கையில இருக்க விழுந்தவர், பிறகு எழும்பேல்ல. நான் ஜன்னலால பார்த்தனான், ஏதோ கிளிப் விழுந்து பொறுக்கிறார் எண்டு நினைச்சன். பக்கத்து வீட்டு மனிசிதான் பிறகு எல்லாத்தையும் அள்ளிப் பையுக்க வைச்சது.

மகளுக்கு உடுப்பு விசயம் மட்டும் சொன்னன். "அம்மா, ஜஸ்ட் சொல்லுங்கோ அவைக்கு. இட்ஸ் ஒன்லி ஷேர்ட்ஸ்." சின்னப்பிள்ளை. முப்பத்தி ரெண்டு வயசு, சின்னப்பிள்ளை.

ஒக். 8, புதன்

மழை. வேலைக்கு லீவு சொன்னன், காய்ச்சல் எண்டு. பொய்.

ரயில் மாறி மாறி வெம்பிளி. ஸ்டேசன் வாசலில மச்சாள், கையில சாப்பாட்டுப் பார்சல். கோபமோ எண்டு கேக்கேல்ல. "புட்டு. மீன்குழம்பு" எண்டா.

ஊருக்குப் பெட்டி அனுப்புற காகோ கடை. முன்னால புடவை, பின்னால பெட்டியள். சின்னப் பெடியன்தான் முதலாளி. பாட்டுப் போட்டிருந்தவன்.

"கொன்ரெய்னர் போயிட்டுது அன்ரி. இப்ப கடலில நிக்கும். டிசம்பரில, நத்தாருக்கு முன்னம் மன்னாரில."

மச்சாள் விடேல்ல. "மறிக்கேலாதோ?"

"கப்பலையோ? அன்ரி, அதுக்க ஒராளின்ர பிரிட்ஜ், ஒராளின்ர கலியாணச் சாமான், ஒராளின்ர தையல் மெசின். மறிச்சா என்னை உயிரோட விடுவினமோ?"

"உன்ர வாய் மட்டும் கப்பலை விடப் பெரிசு" எண்டா மச்சாள்.

என்ன அவசரம் எண்டு கேட்டான். சொன்னன். ஆரின்ர உடுப்பு எண்டு விளங்கினவுடன பாட்டை நிப்பாட்டினான். கதிரை இழுத்துப் போட்டு இஞ்சித் தேத்தண்ணி தந்தான். மன்னாரில ஆறாம் நம்பரை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லலாமோ எண்டு கேக்க வாயெடுத்தன். கேக்கேல்ல. மச்சாள் பக்கத்தில.

திரும்பி வாற ரயிலில ஒரு பெடியன் மடியில பந்து வைச்சு நித்திரை. நான் இறங்கிற இடத்தை விட்டிட்டு அடுத்ததில இறங்கினன்.

புட்டு அப்பிடியே கிடக்கு.

ஒக். 9, வியா.

மப்பு வானம். பின்னேரம் பிரையன் வந்தார். கூடக் கீத். கமிட்டிக்காரர், கிரவுண்டில மைக்கில கதைக்கிறவர். கீத் பையைத் தூக்க வந்தவர், பிரையன் பேப்பர் காட்ட வந்தவர். சனிக்கிழமை மட்ச் புத்தகத்தில கிளப்பின்ர சரித்திரம் போடுகினம். ஒரு பக்கம் முழுக்க ரொனி.

பிரையன் வாசிச்சார், கண்ணாடியை மாத்தி மாத்தி. எனக்கு இதெல்லாம் பாடம். மரத் தளபாடம் செய்யிற பக்டறித் தொழிலாளியள் தொடங்கின கிளப். ரெண்டாம் உலகச் சண்டைக்க கிரவுண்டில குண்டு விழுந்து மூலையில குழி. இடிஞ்ச வீட்டுக் கல்லைப் போட்டு நிரப்பினவை, ஆனா அந்த மூலை இண்டைக்கும் தாழ்வு, மழை பெய்தா வெள்ளம் நிக்கும். ஒருக்கா கப்பில பெரிய ரீம் ஒண்டு வந்ததாம். பந்து அந்த வெள்ளத்துக்க விழுந்து நிண்டிட்டுதாம். உருண்டு வரும் எண்டு மற்ற ரீம்காரன் பார்த்துக்கொண்டு நிக்க, எங்கட ஆள் ஓடிப்போய் அடிச்சானாம். ஒண்டுக்குப் பூச்சியம்.

இவர் அப்ப பிறக்கவுமில்லை. ஆனா சொல்லேக்க தான் பக்கத்தில நிண்ட மாதிரித்தான் சொல்லுவார். "எங்கட ஊரிலயும் கிரவுண்டில குண்டு விழுந்தது. ஒரு கோல் விழேல்ல" எண்டு சொல்லிச் சிரிப்பார்.

ரொனியின்ர பக்கத்துக்கு வந்தார் பிரையன். தோய்ச்ச உடுப்பு, மடிச்ச விதம், ஒண்டும் துலைஞ்சதில்லை எண்டு எழுதியிருக்கு. அதிலதான் மறிச்சன். சொன்னன். என்ர இங்கிலீசில, உள்ளதைச் சொன்னன். மச்சாள், பெட்டி, கப்பல், மன்னார்.

பிரையன் கண்ணாடியைக் கழட்டினார். கீத் வாசலுக்குப் போயிட்டார். பிரையனும் பின்னால. எனக்கு விளங்காதெண்டு நினைச்சினம்.

"இவ்வளவு காலமும் ஒண்டும் போகேல்ல. ஆள் போனவுடன எல்லாம் போகுது" எண்டு கீத். "அந்தப் பக்கத்தைப் போடத்தான் வேணுமோ?"

பிரையன் இல்லை எண்டும் சொல்லேல்ல, ஓம் எண்டும் சொல்லேல்ல. கீத் சொன்னது சுடேல்ல. பிரையன் சொல்லாததுதான் சுட்டது.

வேற ரீமிட்ட இரவல் கேட்டுப் பாப்பம் எண்டிட்டுப் போயினம்.

கோப்பை கழுவேக்கதான் நினைவு வந்தது. மச்சாள் அனுப்பினது புதுசு. அப்ப பழசு எங்க? இந்த வருசம் ஊருக்கெண்டு இவர் கிளப்பிட்டக் கேட்டு வாங்கின பழசு?

பின்னால ஷெட்டுக்க.

ஒக். 10, வெள்.

விடியப் பனிப்புகார். வேலையால வந்து சப்பாத்துக் கழட்டாமலே பின்கதவு. யோசிச்சா போகமாட்டன்.

புல்லு முழங்கால் மட்டும். கொடி தொங்குது. புல்லுக்க கிளிப், மரக் கிளிப், மழையில கறுத்துப்போய். மிதிக்காமல் போனன்.

ஷெட்டுக்க கறுப்புப் பையில பச்சை. வெளிய மாக்கர் பேனையால ஊர்ப்பேர், இவற்ற கோணல் எழுத்தில. முழுக் கட்டும் இருக்கு. ஒண்டும் தைக்கேல்ல, இனித்தான் தைக்க இருந்திருக்கிறார். நெஞ்சில பழைய ஸ்பொன்சர், மூடிப்போன மீன்பொரியல் கடை. பெரிய மீன் படம்.

பிரையனுக்குப் போன். இரவல் கிடைக்கேல்லையாம். "கொண்டு வாறன்" எண்டு வைச்சிட்டன்.

பின்னேரம் வரைக்கும் தையல். கக்கம் கிழிஞ்சது மூண்டு. ஒன்பதாம் நம்பர் உரிஞ்சு போட்டுது, தலகாணி உறையை வெட்டித் தைச்சன். 4க்குக் கரைத் தையல். தோய்ச்சு ரேடியேற்றரில போட்டுக் காய வைச்சன். வீடு முழுக்க ஈர மணம். இவர் இருக்கேக்க இந்த மணத்துக்கு நான் ஏசுவன்.

மகள் கார் ஓடினா. கிரவுண்டில கீத்தான் நிண்டவர். பையைத் திறந்து பார்த்தார். ஒன்பதைக் கையில எடுத்து, தலகாணித் துணியைத் தடவிப் பார்த்தார். திருப்பி மடிச்சு வைச்சார்.

அந்தப் பக்கம் புத்தகத்தில வருமோ வராதோ எண்டு கேக்கேல்ல. கேட்டா அழுவன்.

ஒக். 11, சனி

காலமை மழை, மத்தியானம் விட்டுது. மகளும் நானும். மச்சாள் வெம்பிளியில இருந்து வந்திட்டா, குற்றவாளி மாதிரி, கையில கட்லட். வாழ்நாளில முதல் தரம் பந்தடி பார்க்கிறாவாம்.

வாசலில புத்தகம். மகளிட்டக் குடுத்தன், நீ பார் எண்டு. "இருக்கு அம்மா." முழுப் பக்கம். ஒண்டும் துலைஞ்சதில்லை எண்ட வரியும் அப்பிடியே. பிரையன் வெட்டேல்ல. திருப்பி வாசிக்கச் சொன்னன்.

பெடியள் பச்சையில இறங்க மஞ்சள்காரரின்ர ஆக்கள் மீனைக் கண்டிட்டினம். "ரெண்டு மீன், ஒரு சிப்ஸ்" எண்டு பாட்டு. "உப்புப் போடு, வினாகிரி போடு." எங்கட கிழவன் ஒராள் "வரிசையில நில்லுங்கோடா" எண்டார். சிரிச்சினம் எல்லாரும். எனக்கும் சிரிப்பு வந்தது. உடன கையால வாயைப் பொத்தினன்.

பிறகு எழும்பி நிண்டு மௌனம். கீத் மைக்கில. ரொனி எண்டு சொல்லேல்ல. இவற்ற முழுப்பேர். தகப்பன் பேரோட. தடக்கி, நிப்பாட்டி, பிழையாத்தான். முடியுமட்டும் விடேல்ல. ஆரிட்டக் கேட்டவரோ. மகள் நிலத்தைப் பார்த்தா.

அந்தப் பாட்டுக்காரரும் சத்தமில்லாமல் நிண்டவை. சொல்லத்தான் வேணும்.

தோல்வி. நாலுக்குப் பூச்சியம். முதல் கோல் அந்தத் தாழ்ந்த மூலையில. எங்கட பெடியன் வெள்ளத்துக்க வழுக்கி விழுந்தான், அவங்கள் எடுத்துக்கொண்டு போய் அடிச்சாங்கள். ஒன்பதாம் நம்பர் கடைசி மட்டும் ஓடினான். தலகாணித் துணி உரியேல்ல.

மச்சாள் கேட்டா, "இதுக்கோ தம்பி இவ்வளவு காலமும் தோய்ச்சவன்?" ஏச்சில்லை. உண்மையாத் தெரியாமத்தான் கேட்டா. எனக்கும் தெரியாது.

முடிஞ்சு பெடியள் சேத்தோட கழட்டிக் கழட்டிப் பையுக்க எறிஞ்சாங்கள். பை நடுவில கிடந்தது. ஒருத்தரும் தொடேல்ல. பிரையன் கீத்தைப் பார்த்தார், கீத் என்ர முகத்தைப் பார்க்கேல்ல. நான் போய்த் தூக்கினன். கல்லுப் பாரம். கீத் வந்து பையின்ர மற்றக் காதைப் பிடிச்சார். கார் வரைக்கும் ரெண்டு பேரும்.

ஒக். 12, ஞாயிறு

வெளிச்சம், காத்து. உடுப்புக் காயிற நாள்.

பூசை. ஃபாதர் சுகம் கேட்டார், சுகம் எண்டன்.

மச்சாள் போன். புதுசு ஊர் போய்ச் சேர்ந்தவுடன திருப்பி அனுப்பச் சொல்லவோ எண்டு கேட்டா. பிரையன் ஏற்கனவே வேண்டாம் எண்டிட்டார், ஊர்ப் பெடியள் போடட்டும் எண்டு. நானும் வேண்டாம் எண்டன். ஆறாம் நம்பரை மட்டும் எண்டு இந்த முறையும் வாய் வரைக்கும் வந்தது. அதைப் போட்டு ஒரு பெடியன் ஓடுவான். சேறாகும். ஆரோ ஒரு தாய் தோய்ப்பா. விட்டிட்டன்.

ரெண்டு தரம் மெசினில போட்டும் தண்ணி மண்ணிறம். மூண்டாவதுக்குத் தெளிஞ்சுது.

பின்கதவு. கிளிப்பைப் புல்லுக்க இருந்து பொறுக்கினன். கறுத்ததுதான், பிடிக்குது.

ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு. அஞ்சு. கீழ்க்கரையில, தலைகீழா.

ஆறு கையில. அதில நிண்டன். பக்கத்து வீட்டு மனிசி ஜன்னலால பார்க்கிறா. நான் நிக்கிறனோ விழுறனோ எண்டு பார்க்கிறா.

கொழுவினன்.

ஏழு. எட்டு. ஒன்பது, தலகாணித் துணி. பத்து.