ரெஜினா முடுக்கின பைப்பு

செங்கல்பட்டு
2.9.2024

ரெஜினாக்கா,

நல்லா கீறியா. நானும் அத்தையும் நல்லா கீறோம். லெட்டர் எழுதியெல்லாம் பழக்கம் இல்ல. மடத்துல போன் குடுக்க மாட்டாங்கன்னா நான் இன்னா பண்றது. உங்க மதர்தான் மொதல்ல பிரிச்சி படிப்பாங்கன்னு அத்தை சொல்லுது. படிக்கட்டும். மதர், வணக்கம்.

பரண் மேல இருந்த ரயில் டப்பாவ எறக்கிட்டேன். கல்பாக்கத்துல குவார்ட்டர்ஸ் காலி பண்ணினு போன வசுமதி மேடம் நைனாகிட்ட குடுத்தாங்களே, நெஜமாவே ஸ்டீம்ல ஓடற குட்டி இன்ஜின், பார்ட் பார்ட்டா இரும்பும் பித்தளையும். அதான். நைனா ஸ்டாஃப் பஸ்ல டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி வெச்சி கொண்டாந்தாரு. எனக்கு ஒம்போது வயசு, உனக்குப் பதினாலு. பாதி மாட்டினோம். அம்மா செத்துப்போச்சி. அப்படியே மூடி வெச்சிட்டோம்.

இப்ப முடிக்கப் போறேன். பாலிடெக்னிக்க உட்டதுலேருந்து கூடுவாஞ்சேரியில பார்சல் போடறேன், மூணு மணிக்கு மேல சும்மாதான் கீறேன். ஆனா முடிச்சாலும் பத்த வெக்க மாட்டேன். நீ வரணும். லீவு கேளு.

தாவீது


திண்டுக்கல்
17.9.2024

என் செல்லத் தம்பி தாவீதுக்கு,

இங்க நான் சுகம். நீயும் அத்தையும் சுகமா இருக்கணும்னு தெனமும் வேண்டிக்கிறேன். மதர் படிச்சாங்க. உனக்கும் வணக்கம் சொல்லச் சொன்னாங்க.

நான் 'கீது'ன்னு சொன்னாலே இங்க மதுரைப் பொண்ணுங்க சிரிக்கிறாங்க. உனக்கு எழுதறப்பதான் வாய் நெறைய பேசற மாதிரி கீது. அந்த டப்பா ஞாபகம் இல்லாமலா. ஹார்லிக்ஸ் மூடியில ஸ்குரூ எண்ணி வெப்போம். நீ ஒண்ண முழுங்கிட்டு சொல்லவே இல்ல. அப்புறம் ரெண்டு நாள் நைனா டூட்டிக்குக்கூட போவாம, அது வெளிய வந்துச்சான்னு பாத்துகினே இருந்தாரு.

தாவீது, லீவு கெடையாது. டிசம்பர் எட்டு எனக்கு முதல் வார்த்தைப்பாடு. இனிமே இந்த சபைதான் என் வூடுன்னு பீடத்துக்கு முன்னாடி சொல்ற நாள். பெத்தவங்க கைய புடிச்சிக் கூட்டினு வந்து உடுவாங்க. சம்மதமான்னு சாமியார் அவங்களக் கேப்பாரு. நமக்கு ரெண்டு பேரும் இல்ல. நீ கூட்டினு வரியா?

நான் கெளம்பின அன்னிக்கு நீ ஸ்டேஷனுக்கு வரல. அத நான் கேக்க மாட்டேன். இத கேக்கறேன்.

ரெஜினா


செங்கல்பட்டு
6.10.2024

அக்கா,

வீல் ஆறும் மாட்டிட்டேன். நீ முடுக்கின பைப்பு ரெண்டும் அப்படியே கீது. உன் நட்டு மேல நான் ஸ்பேனர் வெக்கல. பாய்லர்ல தண்ணி ஊத்திப் பாத்தேன், ஒரு சொட்டு ஒழுவல. கீழ ஸ்பிரிட் வெளக்கு வெச்சா போதும்.

நேத்து மாமல்லபுரத்துக்கு ஒரு பார்சல். கலங்கரை விளக்கத்துக்கிட்ட வண்டிய நிறுத்திட்டு சும்மா குந்திகினு இருந்தேன். அங்கதான அம்மா உனக்கு சங்கு வளையலு வாங்கித் தந்துச்சி, எனக்கு ஒண்ணும் இல்லன்னு நான் மண்ணுல பொரண்டேன். நீ கழட்டிக் குடுத்துட்ட. நான் அத ஸ்கூலுக்குப் போட்டுகினு போயி அடி வாங்கினேன்.

டிசம்பர் எட்டு சண்டே. சண்டேலதான் பார்சல் ஜாஸ்தி. பாக்கறேன்.

ஆறு மாசம் தள்ளிப்போட முடியாதா? நான் அரியரு வெச்சேன் இல்ல, அந்த மாதிரி?

தாவீது


திண்டுக்கல்
24.10.2024

தம்பி,

தள்ளிப்போடலாம். கேட்டா சரின்னுதான் சொல்வாங்க. எனக்கு வேணாம்.

சோறாக்கி, உன் யூனிஃபார்ம் தொவச்சி, நைனாவுக்கு மருந்து குடுத்து சலிச்சிப்போயி ஓடிட்டேன்னு நெனைக்கிற. அத்தைகிட்ட சொன்னியாம். சலிச்சது நெஜம்தான். அதுக்காக வரல. அதுக்காகன்னா நைனா இருக்கறப்பவே போயிருப்பேன். நீ பதினெட்டு முடிக்கற வரைக்கும் காத்துகினு இருந்தேன்.

அந்த இன்ஜின எனக்காக நிறுத்தி வெக்காத, பத்த வெச்சிடு. நீ வரலன்னா அத்தை கைய புடிச்சினு நடப்பேன். கோவிச்சிக்க மாட்டேன், ஆனா அழுவேன். கூட யார் வராங்கன்னு நவம்பர் இருவதுக்குள்ள பேர் குடுக்கணும்.

ஒழுங்கா சாப்புடு.

ரெஜினா


செங்கல்பட்டு
12.11.2024

அக்கா,

பத்த வெச்சிட்டேன். கோவத்துலதான். ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறேன்னு அத்தைகிட்ட பொய் சொல்லிட்டு, சமையக்கட்டுல தண்டவாளத்தப் போட்டு வெளக்க ஏத்தினேன். பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் தண்ணி கொதிச்சி சத்தம் வந்துச்சி. வீல லேசா தள்ளி உட்டேன்.

ரிவர்ஸ்ல போச்சி. தடதடன்னு பின்னாடியே போயி, தண்டவாளம் முடிஞ்சி, அரிசி ட்ரம்முல இடிச்சி நின்னுச்சி. மூணு வாட்டி வெச்சேன். மூணு வாட்டியும் ட்ரம்முதான். சிரிப்பு வந்துடிச்சி. திரும்பி உன்கிட்ட சொல்லலாம்னு பாத்தா அங்க சிலிண்டர்தான் கீது, கேஸ் சிலிண்டரு.

எதெத எங்க மாட்டணும்னு டப்பாவோட வந்த படத்த எடுத்துப் பாத்தேன். ஸ்டீம் உள்ள போற பைப்பையும் வெளிய வர்ற பைப்பையும் நீ மாத்தி முடுக்கிகீற. எப்படின்னு யோசிச்சேன். தரையில எதிரும் புதிருமா குந்துவோம். ஒரே படம், நடுவுல கெடக்கும். அத நீ எப்பவும் எனக்கு நேரா வெச்ச. நீ தலைகீழாவே பாத்துகினு இருந்த. நான் ஒரு வாட்டிகூட திருப்பல.

மாத்த அஞ்சு நிமிஷம் போதும். மாத்தல. எனக்கு இப்படியே பிடிச்சிகீது.

ஸ்டேஷனுக்கு வராதது தப்பு. வண்டி கெளம்பினா ஓடிவந்து ஏறிடுவேன்னு பயமா இருந்துச்சி, அதான்.

மதர்கிட்ட பேர் குடுத்துடு. தாவீது, தம்பி. எனக்கும் அத்தைக்கும் வெள்ளிக்கெழம ராத்திரி வண்டியில டிக்கெட் போட்டாச்சி. சாமியார் சம்மதமான்னு கேட்டா ஒடனே வாய் வராது. கொஞ்ச நேரம் ஆவும், பொறுத்துக்கச் சொல்லு அவர.

தாவீது