விளிம்பில் பச்சைக் கோடு

மார்ச் 6
இன்று ஹில்டிங்கின் கண்கட்டை அவிழ்த்தார்கள். சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் போன கொத்தனார். வலக்கண்ணில் இப்போது எங்கள் ஆய்வகத்துப் பிளாஸ்டிக் கருவிழி. அதன் விளிம்பிலுள்ள நுண்துளைகள் என் வேலை. கண்ணின் மேல்தோல் அவற்றைப் பற்றி வளர்ந்தால்தான் கருவிழி நிற்கும்.
"நீதான் அந்த வாயே திறக்காத பொண்ணா?"
தலையாட்டினேன். அவருக்கு அது தெரிந்தது!

மார்ச் 15
வீட்டுக்குப் போய்வந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார். "வீடு மஞ்சளா இருக்கு! ஆறு வருஷமா சிவப்புன்னே சொல்லிட்டிருந்தா."
தங்கை இங்கெர் அசரவில்லை. "கடையில மஞ்சள் பெயிண்ட்தான் இருந்துச்சு. சொல்லியிருந்தா கத்தியிருப்பே."
"இப்ப கத்தலையா?"
"இப்ப கத்து. அடிச்சாச்சுல்ல."
பனி உருகியதும் தானே சிவப்பு அடிக்கப்போகிறாராம்.

ஏப்ரல் 11
சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தேன். விளிம்பின் கீழே மயிரிழையாய் ஒரு பச்சைக் கோடு. சாயம் உள்ளே இறங்குகிறது. தோல் பிடியை விடுகிறது.

ஏப்ரல் 12
வெள்ளிக்கிழமைக் காபி. இந்தக் கண்ணின் வெற்றிக்காகவே எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் அனிகா கேக் வெட்டினார். எல்லோரும் சிரிக்கும்போது எப்படிச் சொல்வது? சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"ஆய்வகத் தட்டுல அவ்வளவு அழகா ஒட்டுச்சே?" என்றார்.
தட்டு கண் சிமிட்டாது.

மே 3
அம்மா ஃபோன். மீன் டப்பாக்களில் லேபிள் ஒட்டுகிறவள். "ஒட்டலைன்னா வேற பசை போடுங்களேன்."
நாலு வருடமாக நான் செய்வது வேறென்ன?

மே 17
தைத்துப் பார்த்தார்கள். தையல் தோலை அறுத்துவிட்டது. ஹில்டிங் என்னைத்தான் கேட்டார்.
"ஏம்மா, நீ பொய் சொல்ல மாட்டே. நிக்குமா?"
"நிக்காது."
"எதுவரைக்கும்?"
"தெரியல. கிருமி ஏறினா உடனே எடுத்துடுவாங்க."
"அப்ப சிவப்பு அடிக்க ஏணியை இன்னிக்கே எடுக்கணும்."
தூசி ஆகாது என்றேன். "பார்வையைப் பொட்டியில வச்சா பூட்டறது?"

ஜூன் 9
எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 10
எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்தேன். பாதித் துளைகளில் ஒன்றுமில்லை. மற்றவற்றில் கொஞ்சம் தோல், கிழிந்த நிலையில். பிடித்துத்தான் இருந்திருக்கிறது — கொஞ்ச நாள். என்ன பிரயோஜனம்?

ஆகஸ்ட் 24
பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று சுவர் சிவப்பு. இங்கெர் காபியோடு வந்து என் காதில், "நாலாவது, வடக்குச் சுவரை நான் முடிச்சிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.
ஹில்டிங் முகத்தைத் திருப்பினார். "அந்தப் பொண்ணுதானே? வடக்குச் சுவர் என்ன கலர்?"
இங்கெர் என்னையே பார்த்தார்.
"மஞ்சள்."
அவர் கத்துவார் என்று காத்திருந்தோம். கத்தவில்லை.