தோற்றவர் கழுவ வேண்டிய பாத்திரம்

சின்னக்குட்டி,

அன்று ராத்திரி சாப்பிடும்போது, நீயும் அப்பாவும் வழக்கம்போல அன்றைய பாடத்தின் இலக்கணத்தையும் பேச்சு வழக்குகளையும் வைத்து இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தீர்கள். முதலில் தமிழ் பேசுகிறவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது உங்கள் பந்தயம். நடுவில் அவர், "அம்மாடி, அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றார். "அப்பா அவுட்!" என்று குதித்தாய். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கழுவிவிட்டு ராத்திரி ஷிப்டு வேலைக்குப் போனவர், அங்கேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

இன்றைய இங்கிலீஷ் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்று நேற்று கத்தினாய். "உனக்கு ஒரு வார்த்தை தெரியுமா? நீ யாரு என்னைப் போகச் சொல்ல?" என்றாய். தெரியாதுதான். அவர் நாற்காலியில் உட்கார என்னால் முடியாது. உன்னைத் தேற்றவும் தெம்பில்லை. காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே எனக்குப் புரிவதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு ராத்திரியும் அவர் வேண்டுமென்றேதான் தோற்றார். "படிக்கிற பிள்ளை கையில சோப்புத் தண்ணி எதுக்குடி?" என்று அடுப்படியில் என்னிடம் சொல்வார்.

சாப்பாடு சின்னப் பாத்திரத்தில் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடு. போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் இனி கேட்கமாட்டேன்.

அம்மா

சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிடு. நான் வந்து கழுவிக்கொள்கிறேன்.

இன்னொன்று. பெரிய பாத்திரத்தைத் தேடாதே. அன்று அவர் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே இருக்கிறது.